இடது பக்கம் ஏறிய பாரம்

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நடந்தது நடந்ததுதான். போடியில் பிக்கப் ஓட்டுகிற ஜெகதீஷை எனக்கு நன்றாகத் தெரியும். கதை கட்டுகிற ஆள் இல்லை அவன். போடிக்குப் பக்கத்தில் சிலமலையில் அவன் குடியிருந்த வீடு இன்றைக்கும் பூட்டித்தான் கிடக்கிறது.

போன ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம். போடிமெட்டுப் பக்கம் ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் உர மூட்டைகளை இறக்கிவிட்டு, காலி வண்டியோடு ஜெகதீஷ் மலை இறங்கிக்கொண்டிருந்தான். ஒரு கொண்டை ஊசி வளைவில் தார்ப்பாய் அவிழ்ந்து படபடவென்று அடித்தது. ஓரங்கட்டினான். இடது பக்கக் கதவைத் திறந்து கயிற்றை எடுத்துக்கொண்டு பின்னால் போனான். தார்ப்பாயைக் கட்டிவிட்டு வந்து பார்த்தால், திறந்து விட்டுப் போன கதவு சாத்தியிருந்தது. காற்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஏறினான்.

வண்டியின் முன்பக்கம் இடது புறமாகச் சாய்ந்தே வந்தது.

போடி பட்டறையில் மெக்கானிக் உக்கிரபாண்டி டேப் வைத்து அளந்தார். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, வலதைவிட இடதில் ரெண்டு இஞ்சு குறைவு. டயரில் காற்று சரியாக இருந்தது. ஷாக் அப்சார்பரை மாற்றினார். புஷ்ஷை மாற்றினார். சாய்வு போகவில்லை. அவன் வண்டியில் தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள், வளைவில் வண்டி பள்ளத்துப் பக்கம் இழுத்ததும் அலறி இறங்கிவிட்டார்கள். தோட்டத்தில் வேறு வண்டி பேசிக்கொண்டார்கள்.

“எப்படியாச்சும் நிமித்திக் குடுங்கண்ணே. இதை விட்டா எனக்கு வேற பொழப்பு தெரியாது.”

முன்சக்கரங்களைத் தாங்க, பக்கத்துக்கு ஒன்றாக முறுக்குக் கம்பி உண்டு. அதன் போல்ட்டைத் திருகினால் அந்தப் பக்கம் உயரும். உக்கிரபாண்டி வண்டிக்கு அடியில் படுத்து, இடது போல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி ஏற்றினார். மறுபடியும் அளந்தார். ரெண்டு பக்கமும் சமம்.

வழக்கமாக ஜெகதீஷ் வண்டியைப் போடி ஸ்டாண்டில் விட்டுவிட்டுப் பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போவான். அன்றைக்குச் சந்தோஷத்தில் வண்டியோடே சிலமலைக்குப் போனான். அந்த வாடகை வீட்டுக்கு அப்போதுதான் புதிதாகக் குடிவந்திருந்தார்கள். வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்தான். முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம்.

க்ரீச்...

காலையில் பார்த்தான். வண்டி வலது பக்கம் சாய்ந்து நின்றது.

உக்கிரபாண்டிக்குப் போன் போட்டான்.

“வலதா? நான் வலதைத் தொடவே இல்லியே மாப்ளே. இடது பக்கம் பாரம் இருக்கையில போல்ட்டை ஏத்திட்டு, பெறகு பாரத்தை எறக்கினாத்தான் இப்படி நிக்கும். என்ன லோடு வச்சிருந்தே?”

“காலி வண்டிண்ணே...”

போனைக் காதில் வைத்தபடியே வண்டியைச் சுற்றி வந்து பார்த்தான்.

வீட்டுக்குள்ளிருந்து மனைவி சுசித்ராவின் குரல். “ஏங்க... இங்க வாங்களேன்.”

கட்டிலில் அவர்களுடைய மூன்று வயது மகள் நிலா தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மெத்தை அமுங்கிக் கிடந்தது. யாரோ உட்கார்ந்திருப்பது போல... சுசித்ரா பிள்ளையை நகர்த்திப் படுக்கவைத்தாள். நிலா மெல்ல உருண்டு அந்தப் பள்ளத்துக்கே போனாள். தொட்டால் உடம்பு சில்லென்று இருந்தது.

டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். வீட்டுக்குக் கொண்டுவந்து உச்சி வெயிலில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பிள்ளைக்கு நடுக்கம் நிற்கவில்லை. உதடு நீலம் பாய்ந்துகொண்டு வந்தது.

ஜெகதீஷ் வண்டியின் இடது கதவைத் திறந்துவைத்துக் கும்பிட்டான்.

“ஆத்தா... நீ யாரா இருந்தாலும் சரி, ஏறிக்க. ஏறின எடத்துலயே கொண்டுபோய் விட்டுர்றேன். எம் பிள்ளைய விட்டுரு.”

ஒன்றும் அசையவில்லை. கெஞ்சினான். தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

சுசித்ராவுக்கு என்ன தோன்றியதோ... நிலாவின் போர்வையை உருவினாள். சுருட்டி, கைப்பிள்ளை மாதிரி இடது சீட்டில் படுக்கவைத்தாள்.

க்ரீச்...

இடது பக்கம் இறங்கியது.

வண்டி நேராக நின்றது.

“வெரசா போங்க!”

அடிவாரத்து முந்தல் தாண்டி மலை ஏறினான். பகலிலேயே மூடுபனி. இடது பக்கம் அவன் திரும்பவே இல்லை. காதில் மட்டும் விழுந்தது.

தட்... தட்... தட்...

பிள்ளையைத் தூங்கவைக்கிற தட்டல்.

அந்த வளைவு வந்தது.

போர்வையை இழுத்துக்கொண்டு இறங்கினான். தடுப்புச் சுவர்மேல் வைத்தான்.

வண்டி வலது பக்கம் சாய்ந்தது.

ஓடிப்போய் ஏறினான். திரும்பிப் பார்க்காமல் மலை இறங்கினான்.

வீடு வந்தபோது நிலா எழுந்து உட்கார்ந்து பசிக்குது என்று அழுதுகொண்டிருந்தாள். மறுநாள் உக்கிரபாண்டி அந்தப் போல்ட்டைத் தளர்த்தி வண்டியை நிமிர்த்தினார். தோட்டத்துச் சோலியும் திரும்பக் கிடைத்தது. எல்லாம் முடிந்தது என்றுதான் ஜெகதீஷ் நினைத்திருந்தான்.

ஒரு வாரம் கழித்து, பக்கத்து வீட்டுக் கருத்தம்மாள் பேச்சுவாக்கில் சொன்னாள்.

“ஒங்களுக்கு முன்ன இந்த வீட்ல தேவின்னு ஒரு பொண்ணு இருந்துச்சு அப்பு. புருசன் இல்ல. பொம்பளப்பிள்ளைய எங்கிட்ட விட்டுட்டு ஏலக்காட்டு வேலைக்குப் போகும். போன வருசம் வேலை முடிஞ்சு வாரப்ப நெஞ்சுவலி வந்துருக்கு. மலைப்பாதை வளைவுல தடுப்புச் சுவத்துல உக்காந்துக்கிட்டு, போற வண்டிக்கெல்லாம் கைய காட்டியிருக்கு. ஒருத்தனும் நிறுத்தல. அங்கயே உசிரு போயிருச்சு. பிள்ளைய சொந்தக்காரங்க கூட்டிட்டுப் போயிட்டாக.”

ஜெகதீஷுக்கு விஷயம் உறைத்தது. பாடுபட்டு வீடு வந்து சேர்ந்தவளை ஏமாற்றி, செத்த இடத்திலேயே அல்லவா இறக்கிவிட்டு வந்திருக்கிறான்!

உள்ளே சுசித்ரா நிலாவைத் தூங்கப்போட்டுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் போன் அடித்தது. உக்கிரபாண்டி.

“மாப்ளே, இன்னிக்கு வேற ஒரு பிக்கப்பு வந்துச்சு. மலையில இருந்து எறங்குன வண்டி. இடது பக்கம் அதே சாய்வு. போல்ட்டை ஏத்தி நிமித்தி விட்டுட்டேன்.”

“யாரு வண்டிண்ணே?”

“ஒங்க ஊருக்காரன்தான். இந்நேரம் சிலமலைக்கு வந்திருப்பானே...”