இன்னொரு ரிமோட்

என் கார் ரிமோட் சோப்புத் தண்ணீரில் ஊறிச் செத்தது. இடுப்பில் செருகியிருந்ததை மறந்து, புடவையோடு வாளியில் போட்டது நான்தான். திட்டுவதற்குக்கூட வீட்டில் வேறு ஆளில்லை. சாவி போட்டுக் கதவைத் திறந்தால் அலாரம் ஊரைக் கூட்டியது. வண்டி மட்டும் கிளம்பவில்லை.

துபாயில் இருக்கும் மகள் லீவில் வந்தபோது மாட்டிக்கொடுத்த சனியன் அது. அங்கே வீட்டுக்குள் இருந்தே வண்டியை ஸ்டார்ட் செய்து ஏசியைக் குளிர வைப்பார்களாம். தரங்கம்பாடியில் கடற்காற்று வாங்கிக்கொண்டிருக்கும் எனக்கு அது எதற்கு? சொன்னால் கேட்டாளா!

பஸ் ஏறித் தஞ்சாவூர் போய், அதே மாதிரி ரிமோட் வாங்கி வந்தேன். மறுநாள் அதை வண்டியோடு சேர்க்க எலக்ட்ரீஷியன் வந்தார்.

"இன்னொரு ரிமோட் இருக்குமே, அதையும் கொண்டாங்கம்மா. புதுசைப் பதிஞ்சா பழசோட பதிவெல்லாம் அழிஞ்சிடும்."

இன்னொன்று மகளிடம் இருந்தது. கிளம்பும்போது, "அடுத்த தடவை வந்து இறங்குனதும் நான்தான் ஓட்டுவேன்" என்று கைப்பையில் போட்டுக்கொண்டாள். அதைச் சொன்னேன்.

"அவங்க வந்தா மறுபடி பதிஞ்சுக்கலாங்க."

"வந்தா என்ன வந்தா? கிறிஸ்துமஸுக்கு வருவா!" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்? அவள் கையில் இருப்பதை நான் இங்கிருந்தே செல்லாததாக்க மனசு கேட்கவில்லை. அவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஒன்றரை மாதம் ஞாயிறு ஆராதனைக்கு ஆட்டோவில் போனேன். கேட்டவர்களிடமெல்லாம் வண்டி ரிப்பேர் என்றேன்.

டிசம்பர் பிறந்ததும் மகள் பேசினாள். "இந்த வருஷமும் லீவு கிடைக்கலம்மா. கோவிச்சுக்காத."

"சரி, அந்த ரிமோட்டையாவது யார்கிட்டயாவது குடுத்து அனுப்பு. வண்டி சும்மா நிக்குது."

"எந்த ரிமோட்?"

விவரம் சொன்னேன்.

"அய்யோ, அதுவா! வீடு மாத்துனப்பவே எங்கயோ தொலைஞ்சு போச்சும்மா. அதுக்காகவா வண்டிய நிறுத்தி வெச்சிருக்க?" என்று சிரித்தாள்.

நானும் சிரித்து வைத்தேன். போனை வைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த ரிமோட்டுக்காக நான் ஆட்டோ பிடிக்கத் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தேன். அது தொலைந்ததை என்னிடம் சொல்லவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். என்னிடம் வாங்கிய திட்டு நினைவிருந்தது போலும். வேலையைத் தொடங்குமுன் தயங்கினார்.

"பழசு அழிஞ்சா பரவாயில்லைங்களா?"

"அழியட்டும் தம்பி. ஓட்டுறது நான் ஒருத்திதான்."