தங்கையா வெட்டி வைத்திருந்த குழாய்

1. ஈப்போவில் வழக்கறிஞராகத் தொழில் செய்யும் மு. சிதம்பரநாதன் ஆகிய நான், என் நண்பர் தங்கையாவை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

2. அவர் பாகான் டத்தோவில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலன் போர்மேனாக, மேற்பார்வையாளராக, இருந்தவர்.

அவர் மனைவி சரோஜா தொலைபேசியில் அழைத்தார். "அண்ணே, அவரு காலையில தவறிட்டாரு. உங்களுக்குன்னு ஒண்ணு வச்சிருக்காரு. வாங்க."

இரும்பை அவரளவு அறிந்தவரை நான் கண்டதில்லை. எரிபொருளான பனங்கொட்டை ஓடு தட்டுப்பாடானால் ஆலையில் பழம் உதிர்த்த காலிக்குலைகளை எரிப்பார்கள். அவற்றின் சாம்பலிலுள்ள உப்பு கடுஞ்சூட்டில் உருகிக் குழாய்களில் கண்ணாடிபோல் படியும். ஒருமுறை அதன் மினுமினுப்பை வியந்தேன். "பளபளன்னு இருக்குன்னு சந்தோஷப்படாத மச்சான். அடியில இரும்ப தின்னுக்கிட்டு இருக்கு லா" என்றார்.

எழுபதுகளின் இறுதியில் ஒரு குழாய் வெடித்தது. கொதிகலன் ஓட்டிய முனியாண்டியின் வலக்கை வெந்தது. அவர் தண்ணீரைக் குறையவிட்டதே காரணம் என்றது நிர்வாகம். கொதிகலன் ஓட்டும் அவரது உரிமச் சான்றிதழ் பறிபோகும் நிலை. விசாரணையில் நான் அவருக்காக நின்றேன்.

தங்கையாவின் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து நீட்டினேன். சிரித்தார். "என்கிட்டயே எழுதி வாங்குவியா? லாயர் புத்தி! குழாய் மெலிஞ்சத நானே வந்து சொல்றேன் லா."

வெட்கப்பட்டுத் தாளைப் பைக்குள் வைத்தேன். வேறு எந்தச் சாட்சியிடமும் அப்படிச் செய்திருக்க மாட்டேன்.

விசாரணையில் அவர் சொன்னது: "குழாயில் குறையில்லை." என் பக்கம் திரும்பவே இல்லை. வெளியே முனியாண்டி கேட்டார்: "ஐயா, அவரு உங்க கூட்டாளிதானே?"

சான்றிதழ் போயிற்று. தங்கையாவின் வேலை நிலைத்தது. நிர்வாகத்துக்குப் பயந்து அன்று ஒருநாள் தடுமாறிவிட்டார் என்றே இத்தனை ஆண்டுகள் எண்ணியிருந்தேன்.

இறுதிச்சடங்கு முடிந்ததும் சரோஜா ஒரு பிஸ்கட் டின்னைக் கொடுத்தார். உள்ளே சாண் நீளக் குழாய்த்துண்டு. ஒருபுறம் கனம், நெருப்பைப் பார்த்த புறம் தகரம்போல் மெலிந்திருந்தது. கட்டியிருந்த அட்டையில் தங்கையாவின் கையெழுத்து: வெட்டிய இடம், மாதம். வெடிப்புக்கு இரண்டு மாதம் முந்தியது. அந்த ஒரு குழாயை மட்டும் மாற்றிவிட்டு, மற்றவற்றின் எதிரே முனியாண்டியை நிற்கவிட்டிருக்கிறார்.

"சத்தியமா எனக்குத் தெரியாதுண்ணே" என்றார் சரோஜா. அவரையும் அழைத்துக்கொண்டு செமோரில் முனியாண்டி வீட்டுக்குப் போனேன். முனியாண்டி இடக்கை விரலால் அந்த மெலிந்த விளிம்பைத் தடவினார்.

"அப்ப, தண்ணி இருந்துச்சுதானே ஐயா?"

"இருந்தது."

குழாய்த்துண்டு இனி, அந்தப் பழைய விசாரணை முடிவைத் திருத்தக் கோரும் முனியாண்டியின் மனுவோடு போகும். தங்கையாவின் நினைவாக என்னிடம் இருப்பது, அவர் கையெழுத்திடாத அந்தத் தாள்.

(ஒப்பம்) மு. சிதம்பரநாதன்

சாட்சிகள்:
சரோஜா தங்கையா
முனியாண்டி (இடக்கைக் கையொப்பம்)