கோல்கீப்பரைப் பிடிக்கும் பேய்

எங்கள் ஹாக்கிக் குழுவில் பேய் கோல்கீப்பர்களைத்தான் பிடிக்கும். முன்வரிசையில் ஓடுகிறவளைத் தொடாது, நடுவில் ஆடுகிறவளைத் தொடாது. காலில் கட்டும் பேட், நெஞ்சுக்கவசம், ஹெல்மெட் எல்லாம் மாட்டிக்கொண்டு கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்கிறவள்தான் அதற்கு வேண்டும். இதை முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பேய்க்கு இவ்வளவு விளையாட்டு ஞானமா என்று கேலி செய்தேன். சொன்ன பிள்ளைகள் சிரிக்கவில்லை.

நான் புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவள். எனக்கும் ஹாக்கிக்கும் ஸ்நானப்பிராப்திகூட இல்லை. பெண்கள் குழு வெளியூர் போனால் கூடவே ஒரு பெண்மணி இருக்க வேண்டும் என்று விதி வந்ததும், கமிட்டி ஆண்கள் ஆளாளுக்குத் தங்கள் மனைவியைக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். யாரும் அசையவில்லை. கடைசியில் பிள்ளைகுட்டி இல்லாதவள், வாய் மட்டும் பெரியது என்று என்னிடம் வந்தார்கள். மேனேஜர் என்று பட்டம். வேலை என்னவோ தண்ணீர் போத்தல் தூக்குவதுதான். ஷிஃப்ட் முடிந்து நான் வந்து சேரும்போது பயிற்சி பாதி முடிந்திருக்கும். "அவசரப்படாம மெதுவா வாங்கக்கா, நான் பாத்துக்கிறேன்" என்பார் கோச்.

கோச்சைப் பிடிக்காதவர்கள் எங்கள் பக்கம் இல்லை. ஒரு காலத்தில் மாநிலத்துக்கு ஆடியவர். அவர் விசில் இரண்டு சின்ன ஊதல், ஒரு நீள ஊதலாக வரும், கேட்டதும் பிள்ளைகள் ஓட்டத்தை நிறுத்திவிடுவார்கள். மழை வந்தால் பிள்ளைகளைத் தன் காரில் வீடுவரை கொண்டுபோய் விடுவார். பெற்றவர்கள் சொல்லிக் கேட்காத பிள்ளையும் அவர் சொன்னால் கேட்கும் என்று தாய்மார்கள் பெருமையாகச் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

பாடாங் என்று நாங்கள் சொல்லும் திடல், ஒரு ரப்பர் தோட்டத்தின் மிச்சம். தோட்டத்தை விற்றுத் தாமான் என்று வீட்டுக் குடியிருப்பு கட்டிவிட்டார்கள். ஒரு பக்கம் வரிசை வீடுகள், மறு பக்கம் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை. இடிக்காமல் விட்டது ஆயாக்கொட்டகை ஒன்றைத்தான். ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டப் போன தாய்மார்கள் விடிவதற்கு முன்னால் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து விட்டுப்போன இடம் அது. தொட்டில் கட்டிய இரும்புக் கொக்கிகள் இன்னும் உத்திரத்தில் இருக்கின்றன. அதைத்தான் எங்கள் குழு ஸ்டோராக வைத்திருந்தது. கோல்கீப்பரின் பேட்கள் அந்தக் கொக்கிகளில் தொங்கும். இலை அசையாத சாயங்காலத்திலும் அவை லேசாக ஆடிக்கொண்டிருக்கும். உள்ளே போனால் எனக்குப் பின்கழுத்து சில்லிடும், அதைச் சொல்ல என்ன வெட்கம். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். எந்தக் காலத்துக் குழந்தையோ என்று பரிதாபப்பட்டார்கள்.

முதல் கோல்கீப்பர் ஒரு மாலையில் அந்தக் கொட்டகைக்குள் அலறினாள். நான் அப்போதுதான் வந்து காரை நிறுத்தினேன். ஓடிப் போய்ப் பார்த்தால், ஒரு காலில் மட்டும் பேட் கட்டியபடி தரையில் உட்கார்ந்திருக்கிறாள். கண் ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கிறது. யார் தொட்டாலும் உதறுகிறாள். கோச் வாசலில் நின்று, "ஹிஸ்டீரியாக்கா, தண்ணி கொண்டாங்க" என்றார். எங்கள் தொழிற்சாலையிலும் இது நடந்திருக்கிறது. ஒருத்தி அலறினால் லைன் முழுவதும் அலறும். அதனால் நம்பினேன். அந்தப் பெண் அதற்குப் பிறகு வரவில்லை. அடுத்தவள் அலறவெல்லாம் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்தாள், பிறகு நின்றுவிட்டாள்.

மூன்றாவதாக வந்தவள்தான் புக்கிட் காத்தில் என்கிற ஊர்ப் பெண். லாரி ஓட்டுநரின் மகள், பள்ளி மாணவி. பந்து எந்தப் பக்கம் வரும் என்று அடிக்கிறவளுக்கே தெரியாத நேரத்தில் இவளுக்குத் தெரிந்திருக்கும். மாநிலக் குழுவில் நிற்க வேண்டும் என்பது ஒன்றே அவள் ஆசை. மற்றபடி சாப்பாடு, சட்டை, சினிமா எதிலும் அவளுக்குக் கவனமில்லை. அவள் அப்பா முதல் நாளே என்னிடம் சொன்னார்: "பொம்பளப் புள்ள. ஏதாச்சும் ஒரு பேச்சு கெளம்புச்சுனா அன்னைக்கே ஹாக்கிய தலைமுழுகிருவேன், சொல்லிட்டேன்."

எங்கள் பிள்ளைகள் பேய் என்று சொல்லவே மாட்டார்கள். 'அது' என்பார்கள். ஒருநாள் குழாயடியில் போத்தல் நிரப்பிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் குழுவின் கேப்டன், மசாலைக் கடை முஸ்லிம் நானாவின் மகள், புதிதாக வந்த சின்னப் பெண்ணுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்டோருக்கு ஒத்தையா போகாத. போனா கதவு மூடாம ஸ்டிக்க குறுக்க வச்சிரு. உள்ள டிராக் சூட் போட்டுக்க. ஆண்ட்டி காரு வந்துருச்சுனா பயமில்ல, அது வராது."

"அது எப்படிக்கா இருக்கும்?"

"சிரிச்சுக்கிட்டுதான் வரும்."

எனக்குத் தெரிந்த பேய்கள் வேப்பிலைக்குப் பயப்படும், துடைப்பத்துக்குப் பயப்படும், திருநீற்றைக் கண்டால் ஓடும். இதென்ன, திறந்த கதவுக்கும் என்னுடைய ஓட்டைக் காருக்கும் பயப்படுகிற பேய்? மனத்துக்குள் என்னவோ இடறியது. பெயர் வைக்கத் தெரியாமல் போத்தல்களைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

புக்கிட் காத்தில் பெண் சாப்பிடுவதைக் குறைத்தாள். பயிற்சிக்கு வந்து கொட்டகையைப் பார்த்தபடி நிற்பாள். அவள் அம்மா பயந்துபோய்க் கமிட்டியிடம் சொல்ல, ஸ்டோருக்குப் பரிகார பூஜை என்று முடிவானது. பூசாரி வந்தார். வாசலில் எலுமிச்சம்பழம், சூடம், குங்குமம் வைத்த பூசணிக்காய். பிள்ளைகளை ஜெர்சியோடு வரிசையில் நிறுத்தினார்கள். ஆள் பலமாக யாராவது பூசணிக்காயைச் சுற்ற வேண்டும் என்றார் பூசாரி. கோச் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் வந்தார்.

அவர் அதைக் கதவுக்கு முன்னால் சுற்றினார். பிறகு கோல்கீப்பரை அழைத்து நிற்க வைத்து அவள் தலையைச் சுற்றினார். அவள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்தது. பூசணிக்காய் உடையும்போது பிள்ளைகள் கத்துவார்கள், சிரிப்பார்கள், தெறிக்கும் என்று ஓடுவார்கள். எல்லா ஊரிலும் அப்படித்தான். அன்று அது சிமெண்டில் விழுந்து சிவப்பாகப் பிளந்தபோது ஒருத்தியும் கண் சிமிட்டவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தபடி நின்றார்கள். கேப்டன் மட்டும், அது தன் வழிபாடு இல்லை என்பதால் தள்ளி நின்றவள், கோச்சின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோச் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். சிரித்தார்.

"அவ்ளோதான், இனிமே ஒன்னும் இல்ல. இனி ஒவ்வொருத்தியா தைரியமா உள்ள போலாம்."

வரிசை மொத்தமும் ஒரே நேரத்தில் ஓரடி பின்னால் போனது. யாரும் யாரையும் பார்த்துச் செய்யவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வெயில் இன்னும் இறங்கவில்லை, சூடம் எரிந்துகொண்டிருக்கிறது, சுற்றிலும் பெற்றவர்கள் கைகூப்பி நிற்கிறார்கள். என் வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை.

கோல்கீப்பர் பெண்ணைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். தாமானைத் தாண்டினோம். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள். கோல்கீப்பருக்குப் பேட் கட்ட நேரமாகும், எல்லோரும் திடலுக்குப் போன பிறகும் அவள் மட்டும் உள்ளே இருப்பாள். வாரை இழுத்துக் கட்ட உதவுகிறேன் என்று கோச் வருவார். "நானே கட்டிக்குவேன் கோச்னு சொன்னேன் ஆண்ட்டி. தெனம் சொன்னேன்." அவர் கை வாரோடு நிற்கவில்லை.

"ஏம்மா பேயின்னு சொன்னீங்க?"

"பேயின்னு சொன்னா எல்லாரும் நம்புறாங்க. அவருன்னு சொன்னா யாரு ஆண்ட்டி நம்புவா? புதுசா வர்றவளுக்கு எப்படியாச்சும் சொல்லணும்ல."

அக்கம்பக்கத்தார் கேட்ட அழுகை எந்தக் குழந்தையுடையது என்று அன்று தெரிந்துகொண்டேன். காரை ஓரமாக நிறுத்திவிட்டு நான் அழுதேன். அவள் அழவில்லை. போலீசுக்குப் போவோம் என்றேன். வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். ரிப்போர்ட் செய்தால் அப்பாவுக்குத் தெரியும், தெரிந்தால் ஹாக்கி அதோடு முடிந்தது. "அவரு கெடுத்தது போதும் ஆண்ட்டி. வெளையாட்டையும் எடுத்துராதீங்க."

எந்தப் பிள்ளையின் பெயரையும் சொல்லாமல் கமிட்டியில் பேசினேன். கோச் ஸ்டோருக்குள் என்ன செய்கிறார் என்பதை மட்டும் சொன்னேன். பிறகு ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பொம்பளப் புள்ளைங்க டீம கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டி வைப்போம்லா, அதான் அதுங்களுக்கு சேஃப்" என்றார். மற்றவர்கள் நிம்மதியாகத் தலையாட்டினார்கள். எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

மேனேஜர்களுக்கென்று நகரத்தில் வைத்த ஒருநாள் பயிற்சிக்கு இவர்கள்தான் முன்பு ஒருமுறை என்னை அனுப்பியிருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே பாதி தூங்கிவிட்டேன். தூங்காத பாதியில் கேட்டது மனத்தில் நின்றுவிட்டது. விளையாடுவது பிள்ளைக்கு நாம் போடும் பிச்சை இல்லை, அவளுடைய உரிமை. பயமில்லாமல் விளையாடுவதும் அதே உரிமைதான். ஒன்றைக் காட்டி இன்னொன்றைப் பிடுங்கக் கூடாது. அதை அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னேன். "தப்பு பண்ணவன் பாடாங்குல, புள்ளைங்க வீட்டுலயா?" என்று கேட்டேன். மேசையைத் தட்டினேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை.

பிள்ளைகள் ஆடலாம் என்று ஆயிற்று. கோச் 'குடும்பச் சூழ்நிலை' காரணமாக விலகினார். காரணம் என்னவென்று கமிட்டிக்கு வெளியே யாருக்கும் சொல்லவில்லை. அவருக்கு மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், கைதட்டினார்கள். நான் அந்தப் பக்கமே போகவில்லை. மறுவாரம் ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்து கொட்டகையின் கதவைக் கழற்றச் செய்தேன். பயிற்சிக்கு முறைவைத்து இரண்டு தாய்மார்கள் வந்து உட்கார்ந்தார்கள். பேட் கட்டுவது திடலில், எல்லோர் கண்முன்னால், அவரவர் கையால். புக்கிட் காத்தில் பெண் மறுபடி சாப்பிட ஆரம்பித்தாள். மாநிலத் தேர்வுக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள்.

தேர்வுக்கு முன்னால் கடலோரத்தில் கிளேபாங் பக்கம் ஒரு குழுவோடு நட்பு ஆட்டம். அன்று எங்கோ காடு எரிந்து வந்த புகைமூட்டம். ஆட்டத்தை நிறுத்துகிற அளவுக்கு இல்லை என்றார்கள், ஆனால் இந்தக் கோலிலிருந்து பார்த்தால் அந்தக் கோல் வெறும் நிழல். கடலும் தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்தது. எங்கள் பிள்ளைகள் உடலைச் சூடேற்ற ஓடிக்கொண்டிருந்தார்கள். புகைக்குள் எங்கிருந்தோ ஒரு விசில் ஊதியது. இரண்டு சின்ன ஊதல், ஒரு நீள ஊதல். எங்கள் பிள்ளைகள் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

எதிரணியின் கோல்கீப்பர் எங்கள் பக்கத்துக் கோட்டோரம் உட்கார்ந்திருந்தாள். சின்னப் பெண், ஹெல்மெட் தலையைவிடப் பெரிதாக இருந்தது. பேட்களை ஒரு அரிசி மூட்டைப் பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். எங்கள் கோல்கீப்பர் தன் பேட்களைக் கட்டி முடித்துவிட்டு அவளிடம் போனாள். நானும் தண்ணீர் போத்தலோடு பின்னால் போனேன்.

"ஸ்டோருல வைக்கலயா?"

அந்தப் பிள்ளை சுற்றும் முற்றும் பார்த்தது. "அங்க அது இருக்குக்கா."

"எப்பலேர்ந்து?"

"புது கோச் வந்ததுலேர்ந்து. கோல்கீப்பரத்தான் பிடிக்குமாம்."

புகை கொஞ்சம் விலகியது. எதிர்க்கோட்டில் தொப்பி போட்ட ஒருவர் எங்களைப் பார்த்துக் கையசைத்தார். தூரத்திலிருந்தே தெரிந்தது, சிரித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பெண் நிமிர்ந்து நின்றாள். கேப்டனைக் கூப்பிட்டு, அந்தப் பிள்ளையைவிட்டு ஒரு நிமிடம்கூட நகராதே என்றாள். கேப்டன் ஏன் என்று கேட்கவில்லை, சின்னவளின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். பிறகு எங்கள் கோல்கீப்பர் என்னிடம் திரும்பினாள்.

"ஆண்ட்டி, காரு சாவிய எடுங்க. போலீஸ் ஸ்டேஷன் போலாம்."

"அப்பாவுக்குத் தெரிஞ்சா? தேர்வு இருக்கேம்மா."

"நிப்பாட்டுனா நிப்பாட்டட்டும்."

கார்க் கதவைத் திறந்தேன். அவள் பின் இருக்கையில் ஏறி, கால்களை மடக்க முடியாமல் குறுக்கே நீட்டிக்கொண்டாள். பேட்டைக் கழற்றிவிட்டு வசதியாக உட்காரம்மா என்றேன்.

"வேணாம் ஆண்ட்டி" என்றாள். "எப்படி கட்டிவிட்டாருன்னு அங்க காட்டணும்."