யாரும் கேட்காத தடிப்பு

அப்போது எங்களுக்குத் திருப்பாதிரிப்புலியூரில் வீடு. 2005-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிதம்பரத்தில் இருக்கும் நாத்தனார் வீட்டு விருந்துக்குப் போனோம். என் கணவர் காலையில் வாங்கிய சூரை மீன், ஐஸ் இல்லாமல் பஸ் சூட்டிலேயே கிடந்து வந்தது. எல்லோரும் கறிக்குழம்போடு எழுந்துவிட்டார்கள். மீன் குழம்பு, கடைசியாக உட்கார்ந்த எனக்கும் பாத்திரம் தேய்க்கும் செல்விக்கும்தான்.

சற்று நேரத்தில் என் முகம் சிவந்தது. உடம்பெல்லாம் தடித்து, நெஞ்சு படபடத்தது.

"எங்க வூட்ல யாருக்கும் ஒண்ணும் ஆவல. உன் ஒடம்புதான் சரியில்ல" என்றார் நாத்தனார்.

எனக்கு மீன் ஆகாது என்று நம்பினேன். அதன்பிறகு பல வருடம், உப்புகூடப் பார்க்காமல் மற்றவர்களுக்கு மீன் சமைத்துப் போட்டேன்.

பிறகு அதே வீட்டில் இன்னொரு விருந்து. நான் மீனை ஒதுக்குவதைப் பார்த்து செல்வி காரணம் கேட்டாள். சொன்னேன்.

"அக்கா, எனக்குந்தான் அன்னிக்கு ஒடம்பெல்லாம் தடிச்சிது. யாரு கேட்டாங்க?" என்றாள்.

டாக்டரிடம் போய் இதைச் சொன்னேன். ஐஸில்லாமல் கிடக்கும் சூரையில் உண்டாகும் ஒரு நச்சு கொதிக்கவைத்தாலும் போகாது, அலர்ஜி மாதிரியே காட்டும் என்றார். பரிசோதித்துவிட்டு, மீன் சாப்பிடலாம் என்றார்.

நாத்தனார் இன்னமும் "அவளுக்கு மீனு ஆவாது" என்றுதான் சொல்கிறார். நான் இப்போது ஐஸில் வைத்த மீனை மட்டுமே வாங்குகிறேன். விருந்தில் யாருக்கு உடம்புக்கு ஏதாவது வந்தாலும், கடைசிப் பந்தியில் சாப்பிட்டவர்களை முதலில் கேட்கிறேன்.