உருக்க வந்த ரோமாபுரிக் காசு

இன்று மதியம் ஸ்ரீராம்புரத்தில் ஒரு வெள்ளிக்கடையில் நின்றிருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா ஒரு பழைய காசை நீட்டி, "இத உருக்கி மருமகளுக்கு மெட்டி பண்ணிக் குடுங்க" என்றார்.

எட்டிப் பார்த்தேன். இலைக் கிரீடம் சூடிய ஆண் தலை. புத்தகத்தில் மட்டுமே நான் பார்த்திருந்த ரோமாபுரி வெள்ளிக்காசு!

"உருக்காதீங்கம்மா! ரெண்டாயிரம் வருஷத்துக் காசு. இவரு ரோம் ராஜா" என்று கத்தியேவிட்டேன்.

அந்த அம்மா காசைத் திருப்பினார். காசின் மறுபக்கத்தில், நாற்காலியில் அமர்ந்த ஒரு பெண்ணின் உருவம்.

"இது ராஜா பொண்டாட்டியா?"

"அவரோட அம்மான்னு சொல்றாங்க."

"அம்மாவையா காசுல போட்டாரு?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "மெட்டிக்கு வேற வெள்ளி போடுங்க. இத நான் என் மகன்கிட்ட காட்டணும்."

காசை முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பிவிட்டார்.

அந்த மகன் இதைப் படித்தால், வீட்டில் என்ன நடந்தது என்று தயவுசெய்து எழுதவும்.