எவர்சில்வர் டப்பாவும் மூன்று நாய்களும்

ஞாயிற்றுக்கிழமைகளில் மகளோடு உட்கார்ந்து அனிமே பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. என்ன பார்க்கிறாளோ என்ற கவலையில் தொடங்கியது. இப்போது கட்சி கட்டிச் சண்டை போடும் அளவுக்கு வந்துவிட்டது. மலையைப் பிளக்கும் வாள்வீரன் என் கட்சி. அவளுக்கோ வாளைத் தூக்கவே தெம்பில்லாத, பொய்யும் அதிர்ஷ்டமுமாகப் பிழைக்கிற ஒல்லித் திருடன்.

"அதிர்ஷ்டம் எத்தனை நாள்டி வரும்? உடம்புல பலம் வேணும்."

"பலசாலி எல்லாரையும் ஜெயிக்கணும்மா. இவன் தப்பிச்சா போதும், அஷ்டே." அவ்வளவுதான் என்பதை அவள் கன்னடத்தில்தான் சொல்வாள்.

சைக்கிளில் போகும்போது நாய் துரத்தினால் நிற்காமல் வேகமாக மிதி என்று அவளுக்குச் சொல்லிவைத்தவளும் நான்தான்.

போன செவ்வாய்க்கிழமை காலை, விஜயநகரில் எங்கள் மாடி பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். டியூஷன் முடித்து அப்படியே பள்ளிக்குப் போக, சைக்கிள் கூடையில் சாப்பாட்டோடு கிளம்பியிருந்தாள். தெருமுனையை அடைவதற்குள் மூன்று நாய்கள் பாய்ந்து வந்தன.

"மிதி! நிக்காத, மிதி!" என்று கத்தினேன்.

அவள் மிதிக்க மிதிக்க அவையும் வேகமெடுத்தன. ஒன்று அவள் காலுக்கே வாயைக் கொண்டுபோனது. சட்டென்று பிரேக் பிடித்து இறங்கிவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. ஒற்றைச் செருப்போடு படியிறங்கி ஓடினேன்.

கீழே வந்தபோது டங் டங்கென்று சத்தம். சைக்கிளைத் தனக்கும் நாய்களுக்கும் நடுவே நிறுத்திக்கொண்டு, எவர்சில்வர் டப்பாவை ஸ்பூனால் தட்டிக்கொண்டிருந்தாள். முனை வீட்டிலிருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் தினமும் காலையில் தட்டைத் தட்டித்தான் நாய்களுக்குச் சோறு வைப்பார். மூன்றும் குரைப்பதை நிறுத்தி, அவர் வீட்டு கேட்டைப் பார்த்து வாலாட்டின.

"யாரது என் வேலையைச் செய்றது?" என்று கன்னடத்தில் கேட்டபடி டீச்சர் சோற்றோடு வெளியே வந்தார்.

அவள் கை, கால் எல்லாம் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. அழுதுகொண்டே திட்டினேன்.

"நிக்காதன்னு சொன்னேனில்ல?"

"நின்னதாலதாம்மா தப்பிச்சேன். என் கட்சி ஜெயிச்சிடுச்சு."

"தந்திரம் சரி. அதிர்ஷ்டம் எங்கடி?"

"பிளாஸ்டிக் டப்பா கேட்டு ஒரு மாசமா நச்சரிச்சேனே, நீ வாங்கியே தரலை. அதான் அதிர்ஷ்டம்."

மறுநாள் காலை, அடிபட்டு நெளிந்திருந்த அதே டப்பாவில் தயிர்சாதம் வைத்து மூடினேன். ஸ்பூன் வைத்தேனா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன்.