குதிரை மிதித்த முக்காடு

முதன்முதலில் ஒருவனைச் சுட்டுக் கொன்றபோது ஷாபசந்துக்குப் பத்தொன்பது வயது. மேய்ச்சல் நிலத் தகராறில் அவள் புருஷனை எதிர்க்குலத்தான் ஒருவன் வெட்டிப் போட்டிருந்தான். நாற்பது நாள் அழுதாள். நாற்பத்தொன்றாம் நாள் புருஷனின் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனாள். ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவன் திரும்பிய பிறகுதான் சுட்டாள். முதுகில் சுட்டதாக யாரும் பேசிவிடக் கூடாதாம். அவ்வளவு ரோஷக்காரி.

நான் அவளைப்போல் பக்தியாரி மலைக்குலத்துக்காரன் இல்லை. கீழே சமவெளியில் ஷுஷ்தர் ஊர்க்காரன். அந்தக் குலத்தின் தலைவரான பெரிய கானிடம் இருபது வருஷம் மிர்ஸாவாக, அதாவது எழுத்தராக, இருந்தேன். பஸ்ராவில் வியாபாரி ஒருவரிடம் வேலை பார்த்தபோது கொஞ்சம் ஆங்கிலம் ஒட்டிக்கொண்டதால் துரைமார் வந்தால் மொழிபெயர்ப்பும் என் தலையில்தான் விழும். ஷாபசந்தின் கதையை நான் சொல்வதை அவள் விரும்பமாட்டாள். இருந்தாலும் வேறு யாரும் சொல்லப் போவதில்லை.

பிறந்த வீட்டு வழியில் அவளுக்கு இருந்த ஒரே சொந்தம் தம்பி. அவனுக்கு முன்னால் பிறந்த நாலு பிள்ளைகள் தக்கவில்லை என்று அவனுக்கு மந்தனி என்று பேர் வைத்திருந்தார்கள். 'தங்கிவிடுவான்' என்று அர்த்தம். தாய் தகப்பன் போன பிறகு அவனை இவள்தான் வளர்த்தாள். வளர்ந்து, ஆங்கிலேயர்களின் எண்ணெய்க் குழாய்க்குக் காவல்காரனாகப் போனான். கான்களுக்கும் ஆங்கிலேயர்களுக்கும் இருந்த ஏற்பாடு அது: குழாய் மலை வழியாகப் போகும், கான்களின் ஆட்கள் அதைக் காப்பார்கள்.

அப்புறம் பெரிய யுத்தம் வந்தது. அந்த வசந்தத்தில் கானின் கூடாரத்துக்கு மஞ்சள் தாடிக்காரர் ஒருவர் வந்தார், ஜெர்மன்காரர். ஆங்கிலேயன் தோற்கப்போகிறான், இஸ்லாமிய நாடுகளுக்கெல்லாம் விடுதலை என்று ஆட்டுக்குட்டி வறுவலை மென்றுகொண்டே சொன்னார். கான் தலையாட்டினார். அந்த வாரமே நான் ஒரே பேனாவில் இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று ஜெர்மன்காரருக்கு, 'உங்கள் உண்மையான நண்பன்' என்று. இன்னொன்று ஆங்கிலத் தூதருக்கு, அதே வார்த்தையில். இரண்டிலும் கான் முத்திரை குத்தினார்.

மூன்றாம் நாள் மந்தனியைக் கூப்பிட்டனுப்பினார். உள்ளே நாங்கள் மூன்று பேர்தான்.

"அந்தக் குழாய் உனக்கு எவ்வளவு பழக்கம்டா?"

"நாலு வருஷமா அது பக்கத்துலயே தூங்குறேன் கான். பொண்டாட்டி இருந்தாக்கூட இவ்வளவு பழக்கம் வந்திருக்காது."

"அப்ப எங்க வெட்டினா வலிக்கும்னு தெரியும்."

மந்தனி என்னைப் பார்த்தான். நான் மைக்கூட்டைப் பார்த்தேன். "சரி கான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று மத்தியானம் அவன் அக்காவின் கூடாரத்தில் ரொட்டியும் மோரும் சாப்பிட என்னையும் இழுத்துக்கொண்டு போனான். விஷயத்தைக் கேட்டதும் அவள் மாவுக் கையோடு எழுந்து நின்றாள்.

"கடுதாசி குடுத்தாரா?"

"கான் வாய்ச்சொல்லு போதாதாக்கா?"

"அதுக்குச் சாட்சி யாரு?"

"மிர்ஸா இருந்தாரே."

"நல்ல சாட்சி புடிச்சே போ! இவரு பேனா சாயுற பக்கம் படுக்குற ஆளு." என் பக்கம் திரும்பி, "கோவிச்சுக்காதீங்க மிர்ஸா. இன்னொரு ரொட்டி எடுத்துக்குங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ரொட்டியை எடுத்துக்கொண்டேன்.

மந்தனியும் குதாரஹ்ம், அலியார் என்ற இரண்டு பேரும் விடியற்காலையில் குழாயை வெட்டினார்கள். அடுத்த காவல் சாவடியில் வேறு குலத்து ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. அவர்கள் ஓடி வந்து சுட்டார்கள். ஓடையாகப் பெருகிய எண்ணெயில் எவன் துப்பாக்கியின் பொறியோ விழுந்தது. ஒரு காவல்காரன் தலைமுதல் கால்வரை பற்றிக்கொண்டு பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும்படி அலறிக்கொண்டே ஓடினான். ஓட்டத்தை நிறுத்த மந்தனிதான் அவனைச் சுட்டான். "வேற வழி தெரியல மிர்ஸா" என்று பிறகு என்னிடம் சொன்னபோது அவன் புருவம் கருகியிருந்தது. புகை மூன்று நாள் நின்றது.

இலையுதிர் காலத்துக்குள் காற்று திசை மாறிவிட்டது. மஞ்சள் தாடிக்காரர் ஒரு கழுதைமேல் வடக்கே ஓடிப்போனார். ஆங்கிலத் தூதர், பட்டாளத்துக் குதிரைக்காரர்களோடும் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளோடும் மேலே வந்தார். ஒல்லியான மனுஷன். குரலை உயர்த்தவே மாட்டார். கானோடு உட்கார்ந்து நட்பு ஒப்பந்தம் பேசினார், நான் எழுதினேன். கானுடைய பதவி நிலைக்கும், எதிரிக் கான்களிடமிருந்து அவருக்குப் பாதுகாப்பு கிடைக்கும். ஏழாவது ஷரத்து: குழாயை வெட்டிய மூன்று பேரையும் ஒப்படைக்க வேண்டும்.

தூதர் எழுந்து போனதும் கேட்டேன், "கான், அவங்கள அனுப்பினதே நீங்கதானே?"

"மிர்ஸா, ஒன் கையெழுத்து அழகு. அத மட்டும் காட்டு."

முத்திரை விழுந்தது. குதாரஹ்மையும் அலியாரையும் அன்றே அவரவர் கூடாரத்திலிருந்து இழுத்து வந்தார்கள். ஆற்று மணலில் நிற்கவைத்துப் பட்டாளத்துக்காரர்கள் சுட்டார்கள். அலியார் முதல் வேட்டில் சாகவில்லை. தவழ்ந்து தண்ணீர் வரைக்கும் போனான். மந்தனி மட்டும் தப்பி அக்காவின் கூடாரத்துக்கு ஓடினான்.

மறுநாள் காலை நாங்கள் அங்கே போனோம். கான், அவருடைய நாற்பது குதிரைக்காரர்கள், பின்னால் தூதரும் அவருடைய ஆட்களும், நடுவில் நான். ஷாபசந்தின் புருஷன் வழிச் சொந்தக்காரர்கள் எட்டுப் பேர் பாறைகளுக்குப் பின்னால் துப்பாக்கியோடு இருந்தார்கள். "பையனைக் குடுத்துருங்க!" என்று கானின் ஆள் கத்தியதற்கு ஒரு வேட்டுதான் பதில். அவன் குதிரையோடு சரிந்தான்.

அப்புறம் அரை மணி நேரம் நடந்ததை என்னால் வரிசையாகச் சொல்ல முடியாது. எனக்குப் பக்கத்தில் இருந்தவனுக்குத் தாடை பறந்துபோனது. அவன் கையால் அதைத் தேடினான். பாறைப் பக்கம் மூன்று பேர் விழுந்தார்கள். ஆட்டு மந்தை குண்டுகளுக்கு நடுவே ஓடி மிதிபட்டுச் செத்தது. நான் ஒரு செத்த குதிரையின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு கிடந்தேன். சொல்ல வெட்கமில்லை, பயத்தில் நனைத்துவிட்டேன்.

அப்போதுதான் ஷாபசந்த் வெளியே வந்தாள். கையில் துப்பாக்கி இல்லை. நேராக நடந்து இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்றாள். தலையிலிருந்து முக்காட்டை உருவி மண்ணில் எறிந்தாள்.

எல்லாத் துப்பாக்கியும் நின்றது. அந்த மலையில் ஒரு பெண் சண்டைக்கு நடுவே முக்காட்டைப் போட்டுவிட்டால் அதோடு சரி. மூன்று தலைமுறை ரத்தப் பகைகூட அங்கேயே நின்றாக வேண்டும். அதைத் தாண்டிச் சுடுகிறவன், அதை மிதிக்கிறவன், அதற்குப் பிறகு எந்தச் சபையிலும் ஆம்பளை என்று உட்கார முடியாது. கானின் ஆட்கள் எல்லோரும் துப்பாக்கியை மடியில் சாய்த்தார்கள். சிலர் அவளுடைய வெறுந்தலையைப் பார்க்கக் கூடாதென்று கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள்.

கூடாரத்துக்குள்ளிருந்து மந்தனி வந்தான். அக்காவின் முக்காடு தரையில் கிடப்பதைப் பார்த்தான். துப்பாக்கியைக் கல்லில் சாய்த்து வைத்தான், இடுப்புக் கத்தியையும் உருவிப் போட்டான். முகத்தில் சிரிப்புகூட இருந்தது. அவனைப் பொறுத்தவரை பிழைத்துவிட்டான். பக்தியாரிக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. வேறு எவனாக இருந்தாலும் எதிரே நிற்கும் துரையை ஒரு தடவை பார்த்திருப்பான்.

தூதர் என்னைக் கூப்பிட்டார். "ஏன் நிறுத்திட்டாங்க?"

விளக்கினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"நல்ல பழக்கம்தான். ஆனா ஏழாவது ஷரத்துல முக்காடு பத்தி ஒண்ணும் எழுதலையே. கானுக்கு ஞாபகப்படுத்துங்க."

நான் கானிடம் போய், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொன்னேன்.

கானின் முகத்தில் ஈயாடவில்லை. "புடிங்கடா அவனை" என்றார். அவருடைய ஆட்களில் ஒருவனும் அசையவில்லை. மறுபடி சொன்னார். குதிரைகள் வாலை வீசும் சத்தம்தான் கேட்டது. தூதர் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். அதைக் கானும் பார்த்தார்.

"கான், வேண்டாம்" என்றாள் ஷாபசந்த். "துப்பாக்கிய வெச்சுட்டான். ஒங்க சொல்லுக்குத்தான் போனான். என் முக்காடு கீழ கெடக்கு, பாருங்க."

கான் குதிரையைத் தட்டினார். குதிரைக்கு அவரைவிட அறிவு இருந்தது. துணியைக் கண்டு மிரண்டு ஒதுங்கியது. சவுக்கால் இரண்டு இழு இழுத்தார். அது முக்காட்டின் மேல் குளம்பு வைத்து நடந்தது. நாலு எட்டுத் தூரத்தில் நின்று, தூதர் பரிசாகக் கொடுத்த கைத்துப்பாக்கியால் மந்தனியின் நெற்றியில் சுட்டார். சிரிப்பு மறைய அவனுக்கு நேரமே கிடைக்கவில்லை.

ஷாபசந்த் கூடாரத்தை நோக்கி ஓடினாள். கூடார முளை அடிக்கும் மரச் சுத்தியல் வாசலில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு ஓடி வந்து கானின் முழங்காலில் ஓங்கி அடித்தாள். எலும்பு நொறுங்கியது எனக்குக் கேட்டது. இரண்டாவது அடியும் அதே இடத்தில். கான் குதிரையிலிருந்து விழுந்து உருண்டார். மூன்றாவதைத் தலைக்கு ஓங்கியபோது பட்டாளத்துக்காரர்கள் பாய்ந்து பிடித்து, துப்பாக்கிக் கட்டையால் அவளை அடித்துச் சாய்த்தார்கள். கானின் சொந்த ஆட்கள் குதிரைமேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார்கள். ஒருவனும் இறங்கவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் பதினேழு பேர் அவரை விட்டுப் போய்விட்டார்கள்.

தூதர் அவளை விட்டுவிடச் சொன்னார். பெண்களைத் தண்டிப்பது ஒப்பந்தத்தில் இல்லையாம். பிறகு தேநீர் கேட்டார்.

அவள் பிழைத்தாள். ஆனால் தலையை மூடவில்லை. வெறுந்தலையோடு ஆடு மேய்த்தாள், தண்ணீர் சுமந்தாள், கானின் முகாம் வழியாகவே போனாள் வந்தாள். அவள் வருகிறாள் என்றால் ஆண்கள் கூடாரத்துக்குள் ஓடுவார்கள். நொண்டிக் காலோடு படுத்துக்கிடந்த கானுக்கு அது தாங்கவில்லை. வசந்தத்தில் இஸ்பஹானிலிருந்து ஒரு பட்டு முக்காடு வரவழைத்து, இருபது ஆட்டையும் சேர்த்து, சமாதானத்துக்கு என்னை அனுப்பினார்.

அவள் தயிர் கடைந்துகொண்டிருந்தாள். பட்டை அவள் முன்னால் வைத்தேன். நரை ஓடத் தொடங்கியிருந்த முடி தோளில் கிடந்தது.

"எடுத்துக்கம்மா. எத்தனை நாள் இப்படி? தலைய மூடிக்கோ."

"எதுக்கு?"

"ஆம்பளைங்க பாக்குறாங்களேம்மா."

கடைவதை நிறுத்தி என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"அன்னிக்கு அந்த தொரை என்னமோ சொன்னான். கானுக்கு அவன் பாஷை தெரியாது. நீங்க வேற ஏதாவது சொல்லியிருக்கலாமா மிர்ஸா?"

நான் பட்டின் மடிப்பை நீவிவிட்டேன்.

"ஆம்பளை யாராவது வந்தா மூடிக்கிறேன்" என்றாள். மத்தைப் பிடித்து மறுபடி கடைய ஆரம்பித்தாள். என் முன்னால் அவள் தலையை மூடவே இல்லை.